கருமையிற் பிறந்த ஒளி
ஒரு படைத்தலைவரின் உருவப்படமும் அதனைப் பொறித்தவரும்

ஓர் உருவப்படத்தை நோக்குவோர் உள்ளத்தில் இரண்டு வினாக்கள் எழுதல் இயல்பு. படத்தில் உள்ளவர் யார் என்பது ஒன்று. அதனை வரைந்தவர் யார் என்பது மற்றொன்று. இவ்விரண்டிற்கும் விடை கிடைத்தவுடன் நோக்குவோர் நிறைவெய்தி அப்பாற் செல்வர். ஆயின், பதினெட்டாம் நூற்றாண்டின் இங்கிலாந்திலே புகழ்பெற்ற உருவப்படங்கள் பலவற்றை உலகறியச் செய்தவர் இவ்விருவரும் அல்லர். ஓவியர் தீட்டிய படம் ஒரு மாளிகைச் சுவரிலே தொங்கிற்று. அதனைக் கண்டோர் சிலரே. அப்படத்தைச் செப்புத் தகட்டிலே பொறித்துத் தாளிற் பதித்து ஊர்தோறும் உலவவிட்ட மூன்றாமவர் ஒருவர் இருந்தார். அவரே பொறிப்புக் கலைஞர் ஆவர். படத்தின் அடியிலே சிறிய எழுத்துகளில் அவர் பெயர் இருப்பினும், அதனைப் படிப்போர் அரியர்.

அத்தகைய படங்களுள் ஒன்று, 1782ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதம் 11ஆந் திகதி இலண்டனில் வெளியிடப்பட்ட லெப்டினன்ற் கேணல் பனாஸ்ற்றர் டார்லிற்றனின் உருவப்படமாகும். அதன் மூலவோவியத்தைத் தீட்டியவர் சேர் ஜோசுவா றெனோல்ட்ஸ். அதனைப் பொறித்தவர் ஜோன் றபாயேல் சிமித். பொறித்த முறை மெசோற்றின்ற் எனப்படும். இம்முறையின் இயல்பையும், பொறித்தவர் வரலாற்றையும், படத்தில் நிற்பவரின் வரலாற்றையும் ஒருங்கே ஆராயின், ஒரு படம் எதனைக் காட்டுகின்றது, எதனைக் காட்டாது விடுகின்றது என்பது தெளிவாகும்.

போர்வீரர் கண்ட கலை

மெசோற்றின்ற் என்னுஞ் சொல், 'நடு நிறம்' என்று பொருள்படும் இத்தாலியத் தொடரிலிருந்து வந்தது. வெண்மைக்கும் கருமைக்கும் இடைப்பட்ட எல்லாப் படிகளையும் கோடுகளின் துணையின்றிக் காட்டவல்லதாதலின் இப்பெயர் பெற்றது. ஜேர்மானியர் இதனைக் 'கருங்கலை' என வழங்கினர். இங்கிலாந்தில் இது பெற்ற வளர்ச்சி நோக்கிப் பிரெஞ்சுக்காரர் 'ஆங்கில முறை' என்றும் அழைத்தனர்.

படைத்தலைவர் உருவங்களைப் பரப்புதற்குப் பெரிதும் பயன்பட்ட இக்கலை, படைத்தொழில் பயின்றவர் கைகளிலேயே தோன்றி வளர்ந்தமை வியப்புக்குரியது. இம்முறையில் அமைந்த முதற்படத்தை 1642ஆம் ஆண்டில் வெளியிட்டவர் லுட்விக் வொன் சீகன் என்னும் ஜேர்மானியப் படை அலுவலர். ஹெசே-காசெல் நாட்டை ஆண்ட அமலி எலிசபெத் என்னும் பெருமாட்டியின் உருவப்படம் அது. அவரிடமிருந்து இம்முறையை அறிந்தவர் இளவரசர் றூபேட். இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரிலே தம் தாய்மாமனாகிய முதலாம் சாள்ஸ் மன்னரின் குதிரைப்படையை நடத்தியவர் அவரே. அவர் பொறித்த 'பெருங் கொலைஞன்' என்னும் படம் 1658ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஜோன் ஈவ்லின் என்பார் 1662இல் வெளியிட்ட நூலொன்றிலே, றூபேட் பொறித்த தலையுருவம் ஒன்றைச் சேர்த்து, இப்புதுமுறையை ஆங்கில மக்களுக்கு அறிமுகஞ் செய்தார். அதன்பின் ஒரு நூற்றாண்டிற்குள் இங்கிலாந்தே இக்கலையின் தாயகம் எனத்தக்க நிலையை அடைந்தது.

தகடு கருக்கும் முறை

செப்புத் தகட்டுப் பொறிப்பின் அடிப்படையை விளங்கிக்கொள்ள நம் முன்னோர் ஏடெழுதிய முறையை நினைவுகூர்தல் போதும். எழுத்தாணியாற் பனையோலையிற் கீறியபின் மையைப் பூசித் துடைப்பர். மேற்பரப்பில் உள்ள மை நீங்கிவிடும். கீறிய பள்ளங்களில் மட்டும் கருமை தங்கி எழுத்துப் புலனாகும். செப்புத் தகட்டிலும் இதுவே நிகழ்கின்றது. பள்ளத்திலே தங்கிய மையை ஈரத்தாள் ஒன்று அழுத்தத்தின் வலியால் தன்மேல் வாங்கிக்கொள்ளுதல் ஒன்றே வேறுபாடு.

ஏனைய பொறிப்பு முறைகளிலே கலைஞர் வெறுந்தகட்டிற் கோடு கீறிக் கருமையைச் சேர்ப்பர். மெசோற்றின்ற் முறையோ இதற்கு நேர்மாறானது. முதலில் தகடு முழுவதும் கருக்கப்படும். வில்லைப்போல வளைந்த அலகும், அவ்வலகிலே நெருங்கிய நுண்பற்களும் உடைய எஃகுக் கருவி ஒன்றைத் தகட்டின்மேல் நிறுத்தித் தொட்டில் ஆட்டுவதுபோல இருபுறமும் ஆட்டிச் செல்வர். பிரெஞ்சு மொழியில் அக்கருவியின் பெயரும் தொட்டில் என்பதே. நெடுக்காகவும் குறுக்காகவும் மூலைவாட்டிலும் பன்முறை இவ்வாறு செய்தபின், தகடு முழுவதும் நுண்ணிய குழிகளும், குழிதோறும் மேலெழுந்த செப்புப் பிசிர்களும் நிறைந்து விடும். அந்நிலையில் மையிட்டுப் பதித்தால் தாளில் வீழ்வது ஒரே கருமை; பட்டுப் போன்ற ஆழ்ந்த கருமை. இவ்வேலை பல நாட்கள் நீடிப்பதாதலின் உதவியாளரிடமும் மாணாக்கரிடமும் பெரும்பாலும் ஒப்படைக்கப்பட்டது.

அதன்பின்னரே கலைஞரின் பணி தொடங்கும். சுரண்டுங் கத்தியாற் பிசிரைச் சிறிது நீக்கினால் அவ்விடம் சாம்பல் நிறம் பெறும். மேலும் நீக்கினால் வெளிறும். மெருகிடுங் கருவியால் முற்றாகத் தேய்த்து மழமழப்பாக்கினால், மை பற்றாது, அவ்விடம் வெண்மையாக விளங்கும். வேண்டாத கல்லை நீக்கிச் சிற்பி உருவத்தை வெளிப்படுத்துதல் போல, வேண்டாத கருமையை நீக்கி ஒளியை வெளிப்படுத்துதலே இக்கலையாகும். நெற்றியின் மினுக்கம், பட்டின் மடிப்பு, இரும்பின் பளபளப்பு, புகையின் மென்மை ஆகியன இம்முறையில் அமைந்தாற்போல வேறெம்முறையிலும் எளிதில் அமைவதில்லை. தூரிகையாற் பரப்பிய நிறத்தின் சாயலைக் கோடின்றிக் காட்டியமையாலேயே உருவ ஓவியர் இதனை விரும்பினர்.

ஆயின் இதற்கு ஒரு குறை உண்டு. செம்பு மெல்லிய உலோகம். ஒவ்வொரு முறையும் மையைத் துடைக்கும்போதும் அழுத்தும்போதும் பிசிர் தேய்கின்றது. முதலிற் பதித்த படங்களில் உள்ள ஆழ்ந்த கருமை விரைவிற் குன்றிவிடும். சில நூறு படிகளுக்குமேல் நல்ல படி பெறுதல் அரிது. இடையிடையே தகட்டைத் திருத்திப் புதுப்பித்தலும் உண்டு. இக்காரணத்தால் முதற்படிகளைப் பெறுவதற்குச் சேகரிப்போர் போட்டியிட்டனர்.

பொறித்தவர்

ஜோன் றபாயேல் சிமித் டார்பி என்னும் ஊரிலே 1751இல் பிறந்தவர். தந்தையார் தோமஸ் சிமித், நிலக்காட்சிகளை வரைந்த ஓவியர். இத்தாலியப் பேரோவியரின் பெயரை மகனுக்குச் சூட்டிய தந்தை, அவரை ஓவியப் பயிற்சிக்கு அனுப்பாது துணி வணிகர் ஒருவரிடம் தொழில் பழக விட்டார். பின்னர் இளைஞர் இலண்டன் சேர்ந்து, தம் முயற்சியாலேயே பொறிப்புக் கலையைப் பயின்றார். 1769இல், பதினெட்டாம் வயதளவில், கோர்சிக்கா நாட்டு விடுதலைத் தலைவர் பஸ்குவாலே பாவொலியின் உருவத்தை மெசோற்றின்ற் முறையிற் பொறித்தார். அவருடைய தொடக்க முயற்சியும் ஒரு படைத்தலைவரின் உருவமாகவே அமைந்தது.

துணிக்கடையிற் பெற்ற வணிக அறிவு அவருக்கு வீண்போகவில்லை. பொறிப்பவராக மட்டும் நில்லாது, படங்களை வெளியிட்டு விற்பவராகவும் அவர் வளர்ந்தார். இலண்டன் ஒக்ஸ்போட் வீதியிற் கடை நடத்தினார். 1784இல் வேல்ஸ் இளவரசரின் மெசோற்றின்ற் பொறிப்பாளர் என்னும் பதவியும் பெற்றார். தம் வாழ்நாளில் ஏறக்குறைய 400 படங்களைப் பொறித்தார் என்பர். அவரிடம் பயின்றோருள் உவில்லியம் உவார்ட் குறிப்பிடத்தக்கவர். பிற்காலத்தில் ஆங்கில ஓவியத்தின் போக்கையே மாற்றிய ரேர்ணரும் கேர்ட்டினும், இளமையிலே சிமித்தின் படங்களுக்கு வண்ணமிட்டுக் கூலி பெற்றவர்களே.

ஓவியத்தில் நிற்பவர்

பனாஸ்ற்றர் டார்லிற்றன் 1754இல் இலிவர்ப்பூல் நகரிற் செல்வ வணிகக் குடும்பம் ஒன்றிலே பிறந்தார். அமெரிக்கக் குடியேற்றங்கள் விடுதலை வேண்டிப் போர் தொடங்கியபோது, அங்கே சென்ற பிரித்தானியப் படையிற் சேர்ந்து, குதிரைப்படைத் தலைவராக விரைந்து உயர்ந்தார். அரசுக்கு ஆதரவான அமெரிக்கரைக் கொண்டு அமைக்கப்பட்ட 'பிரித்தானிய லீஜியன்' என்னும் படைப்பிரிவு அவர் தலைமையில் இயங்கியது. 1781 மார்ச்சு 15ஆந் திகதி கில்போட் கோட்ஹவுஸ் என்னுமிடத்தில் நடந்த போரில் அவர் வலக்கையில் இரு விரல்களை இழந்தார். அதே ஆண்டு ஒற்றோபரில் யோர்க்ரவுண் என்னுமிடத்திலே கோர்ண்வாலிஸ் பிரபு படையுடன் சரணடைந்தபோது, டார்லிற்றனும் உடன் சரணடைந்தார்.

1782இன் தொடக்கத்தில் இருபத்தேழு வயதினராய் அவர் இலண்டன் திரும்பினார். போரிலே தோல்வியுற்றிருந்த நாடு புகழ்தற்கு ஒரு வீரனை வேண்டி நின்ற காலம் அது. அவ்வாண்டிலேயே றெனோல்ட்ஸ், கெயின்ஸ்பரோ ஆகிய இருபெரும் ஓவியரும் அவரை வரைந்தனர். அரச கலைக்கழகத்தின் அவ்வாண்டுக் காட்சியில் அவ்வோவியங்கள் வைக்கப்பட்டன.

றெனோல்ட்ஸ் தீட்டிய ஓவியம் 236 சதமமீற்றர் உயரமும் ஏறக்குறைய 145 சதமமீற்றர் அகலமும் உடையது. பச்சை மேற்சட்டையும் வெண்ணிறக் காற்சட்டையும் கருந்தலைக்கவசமும் அணிந்த இளைஞர், ஒரு காலை உயரத் தூக்கி ஊன்றிச் சற்றே குனிந்து நிற்கின்றார். அருகே பீரங்கி, பின்னாலே மிரளும் குதிரைகள், கொடிகள், புகைமண்டலம். விரல் இழந்த வலக்கையும் மறைக்கப்படவில்லை. அந்நிலை பழங்காலக் கிரேக்க உரோமச் சிலையொன்றைத் தழுவியது என ஆராய்ச்சியாளர் கருதுவர். நேற்றுப் போர்முனையில் நின்ற ஒருவரைப் பண்டைய வீரர் வரிசையிற் கொண்டுபோய் நிறுத்துதலே ஓவியரின் கருத்தாகும். இவ்வோவியம் 1951 முதல் இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ளது.

வண்ணம் கருமையாக மாறுதல்

இவ்வோவியத்தையே சிமித் அதே ஆண்டு ஒற்றோபரில் ஏறக்குறைய 25 அங்குல உயரமுள்ள படமாக வெளியிட்டார். அவர் எதிர்நோக்கிய இடர்கள் எளியன அல்ல. தகட்டிலே இடமாக உள்ளது தாளில் வலமாக விழும். ஆதலின் மூலத்தின் வலக்கை தாளிலும் வலக்கையாக இருத்தல் வேண்டின், தகட்டிலே எல்லாவற்றையும் மாற்றிப் பொறித்தல் வேண்டும். மேலும், பச்சைச் சட்டைக்கும் செந்நிறக் கொடிக்கும் தாளிலே நிறமில்லை. கருமையின் அளவு ஒன்றே உண்டு. எந்நிறத்துக்கு எவ்வளவு கருமை என்று உய்த்துணர்ந்து அளவிடுதல் பொறிப்பவரின் கடமை. எனவே பொறிப்பவரை வெறும் படியெடுப்பவர் என்று கொள்ளுதல் தவறு. ஒரு மொழிச் செய்யுளை வேறொரு மொழியிற் பெயர்ப்பவரை ஒத்தவர் அவர்.

இம்மொழிபெயர்ப்புக்குப் பிற்காலத்தில் எதிர்பாராத மதிப்பொன்றும் ஏற்பட்டது. றெனோல்ட்ஸ் புதிய வண்ணக் கலவைகளை ஓயாது சோதித்தவர். அவற்றுட் சில விரைவில் வெளிறின, சில வெடித்தன. அவர் வாழ்நாளிலேயே பல முகங்கள் நிறமிழந்தன. அவ்வோவியங்கள் புதியனவாய் இருந்தபோது ஒளியும் நிழலும் எங்ஙனம் அமைந்திருந்தன என்பதை அறிதற்கு மெசோற்றின்ற் படங்களே இன்று சிறந்த சான்றாக உள்ளன.

அடியெழுத்துகள் கூறுவன

இப்படங்களின் அடிப்பகுதியிலுள்ள எழுத்துகள் வரலாறு கற்போர்க்குப் பெருந்துணை. ஒருபுறம் ஓவியர் பெயரும் மறுபுறம் பொறித்தவர் பெயரும் நடுவே படத்துக்குரியவர் பெயரும் அமையும். வெளியிட்டவர் முகவரியும் திகதியும் கீழே இருக்கும். திகதியைக் குறிக்கும் வழக்கம் ஒரு சட்டத்தினால் ஏற்பட்டது. தம் படங்களைப் பிறர் திருட்டுத்தனமாகப் பொறித்து விற்பதைக் கண்டு வருந்திய ஓவியர் ஹோகார்த்தும் பிறரும் முயன்றதன் பயனாக 1735இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. உரிமையாளர் பெயரும் வெளியிட்ட நாளும் பொறிக்கப்பட்ட படத்துக்கு 14 ஆண்டுக் காப்புரிமையை அச்சட்டம் வழங்கியது. 1767இல் அக்காலம் 28 ஆண்டாக உயர்த்தப்பட்டது. டார்லிற்றன் படம் வெளியான நாளைத் திட்டமாகக் கூறக்கூடியதாக இருப்பதும் இவ்வழக்கத்தின் பயனே.

பழைய மெசோற்றின்ற் படத்தையும் பிற்காலத்துப் புகைப்பட அச்சையும் வேறுபடுத்தி அறிதலும் கடினமன்று. தகட்டின் விளிம்பு அழுத்திய தடம் தாளின் நாற்புறமும் பள்ளமாகத் தெரியும். உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கின், ஒழுங்கான வரிசையில் அமைந்த அச்சுப் புள்ளிகள் தோன்றா. குறுக்கும் நெடுக்குமாகக் கருவியின் பற்கள் பதிந்த சுவடுகளே தோன்றும். எழுத்துப் பொறிக்குமுன் எடுத்த சோதனைப் படிகளும், எழுத்தை மெல்லக் கீறியபின் எடுத்த படிகளும், முழுமையான எழுத்துடன் எடுத்த படிகளும் வெவ்வேறு நிலைகளாக எண்ணப்படும். முற்பட்ட படியிலே கருமை ஆழ்ந்திருத்தலின் அதற்கு மதிப்பும் மிகுதி.

படத்தில் இல்லாதவை

ஓவியரும் பொறிப்பாளரும் இங்ஙனம் ஒருங்கே உழைத்து உருவாக்கிய வீரனின் உண்மை வரலாற்றையும் நோக்குதல் தகும். 1780 மே 29ஆந் திகதி தென் கரோலினா எல்லையிலுள்ள வக்ஸ்ஹோஸ் என்னுமிடத்திலே, பியூபோட் என்பாரின் தலைமையில் நின்ற வேர்ஜினியாப் படையை டார்லிற்றனின் குதிரைவீரர் தாக்கினர். அமெரிக்கருள் 113 பேர் இறந்தனர். 150 பேர் காயமுற்றனர். தாக்கியோர் தரப்பில் இறந்தவர் ஐவரே. படைக்கலங்களைக் கைவிட்டு உயிர்ப்பிச்சை கேட்டோரும் வெட்டப்பட்டனர் என அமெரிக்கர் குற்றஞ்சாட்டினர். தம் குதிரை சுடப்பட்டு வீழ்ந்தமையால், தலைவர் இறந்தார் எனக் கருதிய வீரர் கட்டுக்கடங்காது வெறிகொண்டனர் என்பது டார்லிற்றன் கூறிய விடை. இதன்பின் 'டார்லிற்றனின் இரக்கம்' என்பது இரக்கமின்மைக்கே பெயராக அமெரிக்காவில் வழங்கலாயிற்று. 1781 சனவரி 17ஆந் திகதி கௌபென்ஸ் என்னுமிடத்திலே டானியல் மோர்கனிடம் அவர் பெருந்தோல்வியுற்றுத் தம் படையின் பெரும்பகுதியை இழந்தார் என்பதும் படத்திலிருந்து அறிய முடியாதது.

பிற்கால வாழ்க்கையும் எண்ணத்தக்கது. 1790இல் இலிவர்ப்பூலின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்ற டார்லிற்றன், ஆபிரிக்க அடிமை வாணிகத்தை ஒழிக்கவேண்டும் என்று உவில்பர்போசு முதலியோர் முயன்றபோது அதனை விடாது எதிர்த்தார். அவ்வாணிகத்தினாற் செல்வம் ஈட்டிய நகரம் அது. அவர் குடும்பத்தின் செல்வமும் அதிலிருந்தே வந்தது. 1807இல் அவ்வாணிகம் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. 1833 வரை வாழ்ந்த டார்லிற்றன் முழுத் தளபதிப் பதவியும் பரம்பரைப் பட்டமும் பெற்றே மறைந்தார்.

பொறித்தவரின் முடிவு

சிமித்தின் பிற்காலம் இவ்வாறு அமையவில்லை. ஆங்கிலப் படங்களுக்குப் பிரான்சு நாட்டிலும் ஐரோப்பாவின் பிற நாடுகளிலும் பெருஞ்சந்தை இருந்தது. 1793இல் பிரான்சுடன் போர் மூண்டதும் அச்சந்தை சுருங்கியது. வணிகம் தளர்ந்தபின் அவர் செப்புத் தகட்டை விடுத்து வண்ணக்கோலைக் கையிலெடுத்து, ஊரூராகச் சென்று மக்களின் உருவங்களை வரைந்து பொருளீட்டினார். செபீல்ட் நகரிலே சிற்பத்தொழில் பழகிய சாண்டிரி என்னும் இளைஞர் அவரிடம் ஓவிய அறிவு பெற்றார். பின்னாளிலே பெருஞ்சிற்பியாகிய அவர், தமக்கு வழிகாட்டியவரின் தலையுருவைப் பளிங்கிலே செதுக்கிக் கடன் தீர்த்தார். போர்வீரரின் உருவத்தால் வாழ்வு தொடங்கிய சிமித், போரினாலேயே வணிகம் இழந்து 1812இல் டொன்காஸ்ரர் என்னும் ஊரிற் காலமானார்.

அவர் கலையும் நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1820களில் எஃகுத் தகடு வழக்கிற்கு வந்தமையால் மிகுதியான படிகளைப் பெற முடிந்தது. ஆயினும் செப்பின் ஆழ்ந்த கருமை அதிலே கிடைக்கவில்லை. பின்னர்ப் புகைப்படக் கலை தோன்றி உருவப்படப் பொறிப்பின் தேவையையே குறைத்துவிட்டது. இன்று அருங்காட்சியகங்களிலும் சேகரிப்போர் வீடுகளிலும் உள்ள பழம்படிகள் அக்கலையின் சிறப்பைப் பறைசாற்றுகின்றன. கலைஞர் சிலர் இன்றும் இம்முறையைப் பயில்கின்றனர்.

வரலாற்று மாணவர்க்கு இப்படம் கூறும் செய்தி ஒன்றுண்டு. மெசோற்றின்ற் தகடு தொடக்கத்தில் முழு இருளாக உள்ளது. கலைஞர் எவ்விடத்தைச் சுரண்டுகின்றாரோ அவ்விடமே ஒளிபெறும். ஏனையவை இருளிலேயே நிற்கும். டார்லிற்றனின் முகமும், காயமுற்ற கையும், வீரச் செருக்கும் ஒளிபெற்றன. வக்ஸ்ஹோஸ் வெளியில் வீழ்ந்தவரும், இலிவர்ப்பூல் வணிகரின் கப்பல்களில் அடைக்கப்பட்ட ஆபிரிக்க மக்களும் அவ்வொளியின் எல்லைக்கு வெளியே நின்றனர். இதனாற் படம் பொய்யென்று தள்ளற்பாலதன்று; அது ஒரு சான்று. ஆயின் யாருக்காக, எப்போது, எந்நோக்கத்துடன் ஆக்கப்பட்டது என வினாவி ஆராயப்பட வேண்டிய சான்று. அவ்வாராய்ச்சியை, அடியிலே சிறிய எழுத்துகளிற் குறித்துள்ள பொறித்தவர் பெயரையும் நாளையும் படிப்பதிலிருந்து தொடங்குதல் நன்று.